தூரம் கூடியபோது சிதறலும் கூடியது: ஒரு பீரங்கி ராக்கெட் மாறிய விதம் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒரு பீரங்கி ராக்கெட் 32 கிலோமீட்டரிலிருந்து 70 கிலோமீட்டருக்குப் போனபோது அதன் வடிவமைப்பாளர்களும் படையினரும் எடுத்த முடிவுகளை இந்த ஆய்வு பின்தொடர்கிறது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து உருவாக்கிய, ஒரே வாகனத்திலிருந்து பல ராக்கெட்டுகளை ஏவும் எம்எல்ஆர்எஸ் அமைப்பும் அதன் 227 மி.மீ. ராக்கெட்டும்தான் இங்கே பொருள். தனிமனிதர் யாருடைய பெயரும் வராது. பொறியாளர்கள், திட்ட அலுவலர்கள், பீரங்கிப் படையினர், வயலில் நின்ற விவசாயிகள் என்று மட்டும் வருவார்கள்.

தூரத்தைக் கூட்டுவது பெரிய சிக்கலாக இருக்கவில்லை. நீளமான மோட்டார் வைத்தால் ராக்கெட் அதிகத் தூரம் போகும். அப்படிப் போன ராக்கெட் எங்கே விழும், விழுந்த இடத்தில் எதை விட்டுச் செல்லும் என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பார்த்ததால் வந்த விளைவுதான் இந்த வரலாறு.

பின்னணி

1973 அக்டோபரில் நடந்த அரபு–இஸ்ரேல் போரைக் கவனித்த மேற்கத்திய இராணுவங்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. எதிரியின் பீரங்கிகளையும் வான்பாதுகாப்பு ஏவுகணைகளையும் போரின் முதல் மணி நேரங்களிலேயே அடக்காவிட்டால் மற்ற எதுவும் நகராது. சோவியத் தரப்பில் ஒரே லாரியில் 40 குழல்கள் கொண்ட பிஎம்-21 போன்ற ராக்கெட் ஏவிகள் ஏராளமாக இருந்தன. அமெரிக்க இராணுவத்திடம் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

1976ல் திட்டம் தொடங்கியது. 1977ல் இரண்டு நிறுவனங்கள் போட்டி வடிவங்களைச் செய்ய ஒப்பந்தம் பெற்றன. 1979ல் பிரிட்டன், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகியவையும் சேர்ந்தன. 1980ல் ஒரு வடிவம் தேர்வாகி, 1983ல் படைக்கு வந்தது.

ஏவுவாகனத்தைப் பொறுத்தவரை அது நல்ல வடிவமைப்பு. மூன்று பேர் கவசக் கூண்டுக்குள் இருந்தபடியே சுடலாம். பெட்டிக்கு ஆறு வீதம் இரண்டு பெட்டிகளில் 12 ராக்கெட்டுகள். பெட்டிகள் தொழிற்சாலையிலேயே மூடி முத்திரையிடப்பட்டு வந்தன. காலியானதைக் கழற்றிப் புதியதை மாட்டினால் போதும். சுட்டுவிட்டு எதிரி பதில் சுடுவதற்குள் இடம் மாறிவிடலாம். இந்தப் பெட்டி முறைதான் பிற்பாடு ராக்கெட்டை மட்டும் மாற்றி வாகனத்தை அப்படியே வைத்துக்கொள்ள வழி செய்தது.

எம்26 என்ற முதல் ராக்கெட் ஏறத்தாழ 4 மீட்டர் நீளம், 300 கிலோவுக்குச் சற்று மேல் எடை, 32 கிலோமீட்டர் தூரம். முன்பகுதியில் எம்77 எனப்படும் சிறுகுண்டுகள் 644 இருந்தன. இப்படிப் பல சிறுகுண்டுகளைச் சிதறவிடும் ஆயுதத்தைத்தான் கொத்துக்குண்டு என்கிறார்கள். ஒரு வாகனம் ஒரு நிமிடத்துக்குள் 12 ராக்கெட்டுகளையும் சுட்டால் 7,728 சிறுகுண்டுகள் நிலத்தில் விழும்.

ஏன் கொத்துக்குண்டு?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் நிற்க வேண்டும், பின்னால் நடந்த எல்லாமே இதிலிருந்து வருவதால்.

பீரங்கிக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போதே முழு வேகத்தை எட்டிவிடும். ராக்கெட் அப்படியல்ல. குழலை விட்டு மெதுவாக வெளியே வருகிறது, மோட்டார் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பக்கவாட்டுக் காற்று வால் இறக்கைகளில் மோதினால் மூக்கு காற்று வரும் திசைக்குத் திரும்பும். மோட்டார் அந்தத் திரும்பிய திசையிலேயே தள்ளும். ஏவிய முதல் சில நொடிகளில் வரும் சின்னக் கோண விலகல் அப்படியே பயணம் முழுவதும் கூடவே போகும். மோட்டாருக்கு மோட்டார் எரியும் விதத்தில் இருக்கும் சிறு வேறுபாடும், மேல்வானக் காற்றும், வெப்பநிலையும் இதனோடு சேரும்.

கணக்கு எளிது. ஆயிரத்தில் ஒரு பங்கு கோணப் பிழை 30 கிலோமீட்டரில் 30 மீட்டர். பத்து பங்கு என்றால் 300 மீட்டர். தூரத்தை இரட்டிப்பாக்கினால் 600 மீட்டர். விலகல் இரண்டு மடங்கு ஆகும்போது ராக்கெட்டுகள் சிதறி விழும் பரப்பு நான்கு மடங்கு ஆகிறது.

ஆகவே 1970களின் வடிவமைப்பாளர்கள் ஒரு புள்ளியைத் தாக்கும் முயற்சியைக் கைவிட்டு, ஒரு பரப்பை நிரப்புவது என்று முடிவு செய்தார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். மலிவான வழிகாட்டும் கருவி அப்போது இல்லை. இலக்கு என்று அவர்கள் நினைத்திருந்தது மத்திய ஐரோப்பாவில் பரந்து வரும் கவசப் படை. சிறுகுண்டு ஒவ்வொன்றும் மேலிருந்து கவசத்தைத் துளைக்கவும் சில்லுகளைத் தெறிக்கவும் செய்தது. போர் முடிந்த பிறகு அந்த நிலத்தில் யார் நடப்பார்கள் என்பது மட்டும் தேவைப் பட்டியலில் இல்லை.

1991: களத்தில் கண்டவை

வளைகுடாப் போரில் இந்த ராக்கெட் முதல்முறையாகப் பெரிய அளவில் பயன்பட்டது. ஈராக்கியப் பீரங்கி நிலைகளை அது வாயடைக்க வைத்தது. 'எஃகு மழை' என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. படையினர் திருப்தியோடு திரும்பினார்கள். ஆனால் இரண்டு குறைகள் தெரிந்தன.

முதலாவது, தூரம். ஈராக்கிடம் இருந்த சில 155 மி.மீ. பீரங்கிகளின் குண்டுகள் எம்26ஐ விடத் தொலைவு போகக்கூடியவை. ஏவுவாகனங்களை முன்னணிக்கு அருகே கொண்டுவந்தால்தான் ஆழத்தில் இருக்கும் இலக்கை எட்ட முடிந்தது.

இரண்டாவது, வெடிக்காமல் கிடந்த சிறுகுண்டுகள். எம்77 சரியான கோணத்தில் கடினமான பரப்பில் மோதும்போது வெடிக்கும் வகையில் செய்யப்பட்டது. மென்மணலில் அது பல நேரம் நடக்கவில்லை. முன்னேறிய அமெரிக்கப் படைகள் தங்கள் தரப்பே சுட்ட இடங்களைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. வெடிக்காத சிறுகுண்டுகளால் குறைந்தது 25 அமெரிக்கப் படையினர் இறந்ததாக 1993ல் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தது. சிலர் அவற்றைக் கையில் எடுத்ததும் காரணங்களில் ஒன்று. பின்னர் 2000ல் பாதுகாப்புத் துறையே தந்த அறிக்கையில் இந்த ராக்கெட்டின் சிறுகுண்டுகளில் 16 விழுக்காடு வெடிக்காமல் போவதாகக் குறிப்பிட்டது. 16 விழுக்காடு என்றால் ஒரு வாகனத்தின் ஒரே சுற்றுக்கு 1,200க்கும் மேற்பட்ட உயிருள்ள குண்டுகள் தரையில் கிடக்கும்.

இந்த இரண்டு குறைகளும் வேறு வேறு மேசைகளுக்குப் போயின. தூரக் குறை மோட்டார் செய்பவர்களிடம் போனது. வெடிக்காத குண்டுகள் ஃபியூஸ், அதாவது குண்டை வெடிக்கவைக்கும் கருவி, செய்பவர்களிடம் போயின. இந்த ஆய்வில் நான் மிகவும் வருந்தும் இடம் இதுதான்.

முதல் முடிவு: தூரத்தைக் கூட்டுவது

1990களில் எம்26ஏ1, எம்26ஏ2 என்ற நீட்டித்த வடிவங்கள் வந்தன. மோட்டார் நீண்டது. வெளிஅளவு மாறக் கூடாது, அதே பெட்டிக்குள் நுழைய வேண்டும். ஆகவே வெடிமுனை சுருங்கியது. 644க்குப் பதில் 518 சிறுகுண்டுகள். தூரம் 45 கிலோமீட்டர்.

மேலே சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 32லிருந்து 45க்குப் போனால் சிதறும் பரப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அதை நிரப்ப இருக்கும் குண்டுகளோ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே விளைவுக்கு இன்னும் நிறைய ராக்கெட் சுட வேண்டும், இன்னும் நிறைய வெடிக்காத குண்டுகள் இன்னும் அகலமான நிலத்தில் கிடக்கும். தானே அழித்துக்கொள்ளும் ஃபியூஸ் ஒன்றை ஏ1 வடிவத்தில் வைக்கத் திட்டம் இருந்தது. அந்த ஃபியூஸ் தாமதமானதால் ஏ2 வடிவம் பழைய எம்77 குண்டுகளோடே போனது.

தூரம் கேட்ட படைக்குத் தூரம் கிடைத்தது. அந்த அளவில் முடிவு வெற்றிதான். ஆனால் வழிகாட்டல் இல்லாத ராக்கெட்டை இதற்கு மேல் நீட்டுவதில் பொருளில்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டாவது முடிவு: வழிகாட்டல்

1995ல் ஜிபிஎஸ் முழுச் செயல்பாட்டுக்கு வந்தது. அசைவை அளந்து தன் இடத்தைத் தானே கணக்கிடும் கருவிகளும் சிறிதாகி, விலை குறைந்திருந்தன. இரண்டையும் ராக்கெட்டின் மூக்கில் வைத்து, மூக்கருகே நான்கு சின்ன அசையும் இறக்கைகளால் பாதையைத் திருத்தலாம் என்று ஒரு பொறியாளர் குழு செய்து காட்டியது. 1998ல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து முழு உருவாக்கத்தைத் தொடங்கின.

இப்போது காற்று ராக்கெட்டைத் தள்ளினாலும் அது தன் பிழையை உணர்ந்து திருத்திக்கொள்ளும். சிதறல் தூரத்தோடு சேர்ந்து வளர்வது நின்றது. 70 கிலோமீட்டரிலும் 20 கிலோமீட்டரிலும் பிழை கிட்டத்தட்ட ஒரே அளவு. பீரங்கிக் கலையில் இது சாதாரண மாற்றமல்ல. தூரம் கூடினால் குறி தவறும் என்பது பீரங்கி பிறந்த காலத்திலிருந்து மாறாத விதியாக இருந்தது.

இதை ஏன் செய்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஒரு இலக்குக்குத் தேவையான ராக்கெட் எண்ணிக்கையைக் குறைப்பதும், அவற்றைச் சுமக்கும் லாரிகளைக் குறைப்பதும்தான் முக்கிய நோக்கம். வெடிக்காத குண்டுகள் குறையும் என்பது கூடவே கிடைத்த பயன்.

அதனால்தான் எம்30 என்ற முதல் வழிகாட்டி ராக்கெட்டும் கொத்துக்குண்டாகவே வந்தது. 404 சிறுகுண்டுகள். குறி தவறும் என்பதற்காகச் சேர்த்த வெடிமுனை, குறி தவறாத ராக்கெட்டிலும் ஏறிக்கொண்டது. கவச இலக்குகளுக்கு எதிரான தேவை இன்னும் தாளில் இருந்தது, சோதனை முறைகள் எல்லாம் அதற்கென அமைந்திருந்தன, ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. வெடிக்காதவை 1 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற இலக்கு வைத்தார்கள். எல்லாத் தூரங்களிலும் அதைத் தொட முடியவில்லை.

மூன்றாவது முடிவு: ஒற்றை வெடிமுனை

மாற்றத்துக்கான அழுத்தம் களத்திலிருந்து வந்தது. 2003 ஈராக் போரில் நகரங்களுக்கு அருகே கொத்துக்குண்டு சுடத் தளபதிகள் தயங்கினார்கள். இந்த ஆயுதங்கள் பனிப்போர்க் காலத்து மிச்சமா என்ற கேள்வி போரில் முன்னே சென்ற ஒரு படைப்பிரிவின் சொந்த மதிப்பீட்டிலேயே எழுந்தது. ஏவுவாகனங்கள் இருந்தன, ராக்கெட் இருந்தது, சுட அனுமதிதான் பல நேரம் கிடைக்கவில்லை.

சிறுகுண்டுகளை எடுத்துவிட்டு ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ள ஒரே வெடிமுனையை வைக்கும் முயற்சி அப்போதே தொடங்கியிருந்தது. அவசரத் தேவை என்று கேட்டு வாங்கி, எம்31 என்ற அந்த வடிவத்தை 2005ல் ஈராக்குக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் தல் அஃபார் நகரில், 50 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, குறிப்பிட்ட கட்டடங்களை நோக்கிச் சுட்டார்கள். 2007லிருந்து ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர் இதையே பயன்படுத்தினார்கள். '70 கிலோமீட்டர் ஸ்னைப்பர்' என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். பரப்பை நிரப்பப் பிறந்த அமைப்பு இருபது ஆண்டுகளில் ஒரு வீட்டைத் தேர்ந்து தாக்கும் அமைப்பாகிவிட்டது.

இதுவும் கொல்லும் ஆயுதம்தான். எந்தக் கட்டடம் என்ற தகவல் தவறாக இருந்தால் துல்லியம் யாரையும் காப்பாற்றாது. ஆனால் வெடிமுனை வெடித்த பிறகு அந்த நிலத்தில் ஆயிரம் குண்டுகள் காத்துக் கிடக்கவில்லை. இந்த வேறுபாட்டை நான் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

தெற்கு லெபனான், 2006

இதே நேரத்தில் பழைய எம்26 பல நாடுகளின் கிடங்குகளில் இருந்தது. 2006 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நடந்த லெபனான் போரில் இஸ்ரேல் அதைப் பயன்படுத்தியது. போரின் கடைசி மூன்று நாட்களில்தான் கொத்துக்குண்டுத் தாக்குதல்களில் பெரும்பகுதி நடந்ததாக ஐ.நா. மனிதநேய அலுவலர்கள் கூறினார்கள்.

போர்நிறுத்தம் வந்ததுமே மக்கள் ஊர் திரும்பினார்கள். புகையிலை வயலிலும் ஆலிவ் தோட்டத்திலும் எலுமிச்சை மரக் கிளைகளிலும் சின்ன உருளைகள் நாடாவோடு தொங்கின. அறுவடைக் காலம் வேறு. காத்திருந்தால் அந்த ஆண்டு வருமானம் போய்விடும். சிலர் தாங்களே குச்சி வைத்து அகற்றிப் பார்த்தார்கள். அடுத்து வந்த மாதங்களில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். கண்ணிவெடி அகற்றும் குழுக்கள் பல ஆண்டுகள் அங்கே வேலை செய்தன.

இதற்கு முன்பே தணிக்கை அறிக்கைகளில் விழுக்காடாக இருந்த ஒன்று, இங்கே ஊர்ப் பெயரோடும் வயதோடும் பதிவானது. 2007 பிப்ரவரியில் ஓஸ்லோவில் பேச்சுவார்த்தை தொடங்கியது. 2008 மே மாதம் டப்ளினில் கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2010 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டி ராக்கெட்டை உருவாக்கிய ஐந்து நாடுகளில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி ஆகிய நான்கும் கையெழுத்திட்டன. அமெரிக்கா சேரவில்லை. ஆனால் 2008ல், 2018க்குப் பிறகு 1 விழுக்காட்டுக்கு மேல் வெடிக்காமல் போகும் கொத்துக்குண்டுகளைப் பயன்படுத்துவதில்லை என்று தனக்குத் தானே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டது. 2017 நவம்பரில் அந்தக் கொள்கையைத் தளர்த்தியது.

விளைவு

எம்30 உற்பத்தி நின்றது. பரப்பைத் தாக்கும் தேவை மட்டும் அப்படியே இருந்ததால், சிறுகுண்டுகளுக்குப் பதில் ஏறத்தாழ 1,82,000 டங்ஸ்டன் மணிகளைத் தெறிக்கும் எம்30ஏ1 வடிவம் 2010களின் நடுவில் வந்தது. மணிகள் வெறும் உலோகம். தரையில் கிடந்தாலும் வெடிக்காது. 2008 கொள்கை காகிதத்தில் தளர்ந்தாலும் ராக்கெட் பழைய வழிக்குத் திரும்பவில்லை. பிரிட்டன் 2013லும் ஜெர்மனி 2015லும் தங்கள் கொத்துக்குண்டு இருப்பை முழுதும் அழித்து முடித்தன.

2022 ஜூனில், அதே ராக்கெட் பெட்டியில் ஒன்றை மட்டும் சுமக்கும் ஹைமார்ஸ் என்ற இலகுவான ஏவுவாகனங்களோடு ஒற்றை வெடிமுனை ராக்கெட்டுகள் உக்ரைனுக்குப் போயின. முன்னணிக்குப் பின்னால் இருந்த வெடிபொருள் கிடங்குகளும், கெர்சோன் அருகே அந்தோனிவ்ஸ்கி பாலமும் தாக்கப்பட்டன. ஒரு வாகனத்தில் ஆறே ராக்கெட்டுகள், அந்த ஆறும் போதுமாக இருந்தன. 1983ன் கணக்கில் இதே வேலைக்குப் பல வாகனங்களின் முழுச் சுற்றுகள் தேவைப்பட்டிருக்கும். ஒரு ராக்கெட்டின் விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல் என்பது உண்மை, ஆனால் இலக்குக்கு எத்தனை என்று எண்ணினால் கணக்கு மாறிவிடுகிறது.

அப்புறம் எதிர்ப்பக்கம் பாடம் படித்தது. 2023லிருந்து ரஷ்யத் தரப்பின் ஜிபிஎஸ் ஜாமிங், அதாவது ஜிபிஎஸ் சிக்னலைக் குலைப்பது, இந்த ராக்கெட்டுகளின் துல்லியத்தைக் குறைத்தது. ராக்கெட்டில் இருக்கும் உள்கருவி ஜிபிஎஸ் இல்லாமலும் வழிநடத்தும், ஆனால் பறக்கும் நேரம் கூடக்கூட அதன் பிழை சேர்ந்துகொண்டே போகும். மென்பொருளைத் திருத்தினார்கள், எதிரியின் ஜாமர்களை முதலில் தாக்கினார்கள். இந்தப் போட்டி தொடர்கிறது.

என்ன மாறியிருக்க வேண்டும்

வெடிக்காமல் கிடக்கும் குண்டை ஃபியூஸின் குறையாக மட்டும் பார்த்திருக்கக் கூடாது. அது ஆயுதத்தின் விளைவின் ஒரு பகுதி. எத்தனை வாகனங்கள் அழியும் என்று கணக்கிட்ட அதே அட்டவணையில், எத்தனை குண்டுகள் நிலத்தில் மிஞ்சும், அந்த நிலத்தைச் சுத்தம் செய்ய என்ன செலவாகும் என்ற வரியும் 1976லேயே இருந்திருக்க வேண்டும். இருந்திருந்தால் எம்26 மலிவான ராக்கெட்டாகத் தெரிந்திருக்காது.

சோதனை நிலத்தையும் மாற்றியிருக்க வேண்டும். கெட்டியான சோதனைத் தளத்தில் கிடைத்த எண்கள் மணலுக்கும் உழுத வயலுக்கும் மரக்கிளைக்கும் பொருந்தவில்லை. ஆறுதல் தரும் எண்ணை விட மோசமான நிலத்தில் வரும் எண்ணை வைத்தே ஏற்பு முடிவு செய்ய வேண்டும்.

வழிகாட்டல் உறுதியான நாளிலேயே வெடிமுனையை மறுபடி கேள்வி கேட்டிருக்க வேண்டும். 1998ல் அந்தக் கேள்வி எழுந்திருந்தால் எம்30 என்ற இடைக்கட்டம் தேவையே பட்டிருக்காது. ஒரு பாகம் மாறினால், பழைய பாகத்தின் குறையை ஈடுகட்ட வைத்த மற்றப் பாகங்களின் பட்டியலை எடுத்துப் பார்க்கும் வழக்கம் வேண்டும். இந்தத் திட்டத்தில் அதை யாருடைய பொறுப்பாகவும் வைக்கவில்லை.

நட்பு நாடுகளுக்கு விற்ற பழைய இருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிய வடிவம் வந்ததும் பழையதைத் திரும்ப வாங்கி மாற்றித் தரும் ஏற்பாடு இருந்திருந்தால், 2006ல் அந்த வயல்களில் விழுந்தவற்றில் ஒரு பகுதியாவது கிடங்கிலேயே முடிந்திருக்கும்.

கடைசியாக, இப்போது வரும் நீட்டித்த வழிகாட்டி ராக்கெட். அகலமான மோட்டார், மூக்கிலிருந்து வாலுக்கு மாறிய கட்டுப்பாட்டு இறக்கைகள், 150 கிலோமீட்டர் தூரம். மேலே பார்த்த கணக்கு இதற்கும் பொருந்தும்: வழிகாட்டல் கெட்டுப்போனால் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை 150 மீட்டராகும். ஜாமிங் இருக்கும் வானில், முழுத் தூரத்தில், எத்தனை ராக்கெட் எவ்வளவு விலகி விழுகிறது என்பதைத் தனிச் சோதனையாகச் செய்து, ஏற்புத் தகுதிகளில் அதையும் ஒன்றாக வைக்க வேண்டும்.